தக்காளி மலையும் சின்னவளும்

குளிர்பானக் கம்பெனிக்காரர் கடைக்குள் அளவு நாடாவை விரித்துக்கொண்டு வந்து, தக்காளிக் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடும் அந்தப் பக்கம் ஒரு கோடும் சாக்பீஸால் போட்டபோதுதான் சின்னவளுக்கு விஷயமே தெரிந்தது. அதுவரை வீட்டில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. வெண்டைக்காயைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"என்ன சார் அளக்கிறீங்க?"

"ஃபிரிட்ஜ் வைக்கணும் மேடம். மூணு கதவு. கம்பெனியே குடுக்குது."

"எங்க?"

அவர் அவள் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். "இங்கதான். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

சின்னவள் தள்ளிக்கொள்ளவில்லை. கடைக்குள் திரும்பி, "மாமா!" என்று கூப்பிட்ட கூப்பாட்டில், பிஸ்கட் வரிசையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவர் வந்தார். அவள் கணவனுக்கு அண்ணன். கடைக்கு முதலாளி. கடைக்கு மட்டுமா, வீட்டுக்கும் அவர்தான் முதலாளி. முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார், ஆனால் பேச்சில் எந்தச் சாய்வும் இருக்காது.

"ஏம்மா, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே? வாங்குற காய்கறியில பாதி குப்பைக்குப் போகுது. எத்தனை காலத்துக்கு இந்தக் கூத்து? ஃபிரிட்ஜ் வந்துட்டா இந்தக் காய்கறிப் பகுதியையே எடுத்துட்டு, கூல்டிரிங்ஸ் விக்கலாம். நீயும் வீட்டுல நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதியாம்! வீட்டில் அவளுக்கு என்ன நிம்மதி காத்திருந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அங்கே அவள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லப்படுகிறவள், துணி காய்ந்ததா என்று கேட்கப்படுகிறவள், அவ்வளவுதான். இந்தக் கடையின் இந்த ஒரு மூலையில்தான் அவள் பேச்சுக்கு மதிப்பு. "அந்தம்மா இல்லையா? அவங்க எடுத்துக் குடுத்தாத்தான் நல்லா இருக்கும்" என்று வாடிக்கையாளர்கள் அவளுக்காகக் காத்து நிற்பார்கள். அந்த மூலை போனால் அவளிடம் மிச்சம் என்று ஒன்றுமில்லை. இதைச் சொன்னால் பெரியவருக்கு விளங்காது. அதனால் அவருக்கு விளங்குகிறதைச் சொன்னாள்.

"நஷ்டம் காய்கறியால இல்ல மாமா. இந்த மலையால."

அந்த மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், ஆள் நெஞ்சு உயரத்துக்குத் தக்காளி குவிந்திருக்கும். பெரியவரின் அப்பா காலத்திலிருந்து இந்தக் கடைக்கு அதுதான் அடையாளம். காலையில் புதுச் சரக்கு வந்ததும் பெட்டி பெட்டியாக உச்சியில் கவிழ்ப்பார்கள். நேற்றையது உள்ளே போகும். முந்தின நாளையது அதற்கும் அடியில். வருகிறவர்கள் மேலே இருப்பதை அமுக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். அடியில் இருப்பது வெளிச்சத்தையே பார்க்காமல் நசுங்கி, உடைந்து, கூழாகிக் கிடக்கும். சாயங்காலம் ஆனால் சின்னவளும் அவள் ஓரகத்தியும், அதாவது கல்லாவில் உட்காரும் பெரியவரின் மனைவியும், உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் அள்ளிப் பின்பக்க டிரம்மில் போட வேண்டும். ஆள் வைக்கலாமே என்றால், "வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கும்போது ஆள் எதுக்கு?" என்பார் பெரியவர். அவர் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

பழத்துக்கு இன்னொரு சட்டம். ஆறு ஆப்பிளைத் தட்டில் வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி வரும். ஆறில் ஒன்று கன்றிப்போனாலும் முழுத் தட்டும் குப்பைக்கு. பிரித்து விற்கக் கூடாது. பிரித்தால் கடைக்குக் கௌரவக் குறைச்சலாம். ஐந்து நல்ல ஆப்பிளைக் குப்பையில் போடும்போது போகாத கௌரவம், பிரித்து விற்றால் போய்விடுகிறதாம். கேட்டால் சிரிப்பு வருகிறதா? அள்ளிப் போட்டவளுக்கு வயிறு எரிந்தது.

பெரியவர் சிரித்தார். "எங்கப்பா கட்டின மலைம்மா இது. இதைப் பாத்துத்தான் ஜனம் உள்ள வருது. தட்டு காலியா இருந்தா, கடையில ஒண்ணுமில்லன்னு அடுத்த கடைக்குப் போயிடும். வியாபாரம் உனக்கென்ன தெரியும்?"

"அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதான் அள்ளிடுறீங்களே!" என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த வாரமே மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஃபிரிட்ஜ் அவர் திரும்பி வந்த பிறகு வரும் என்று ஏற்பாடு. கிளம்பும்போது தம்பியைக் கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் எதையும் மாத்தாதே" என்றார். சின்னவளின் கணவன் வழக்கம்போல, "சரிண்ணே" என்றான். அண்ணன் சொல்லி அவன் வேறு பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

பெரியவர் ஏறிய வண்டி தெருமுனையைத் தாண்டியதோ இல்லையோ, சின்னவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மலையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனாரு?" கணவன் பதறினான்.

"உங்ககிட்டதானே சொன்னாரு? என்கிட்ட சொல்லலையே. அந்தக் காலிப் பெட்டிய இப்படித் தூக்கிக் குடுங்க."

காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கினாள். அதன்மேல் பலகையைச் சரிவாகப் போட்டாள். பலகைமேல் சாக்கு விரித்தாள். சாக்கின்மேல் தக்காளியை ஒரே அடுக்காகப் பரப்பினாள். தெருவிலிருந்து பார்த்தால் நிறைந்துதான் தெரிந்தது. நேற்றைய சரக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில். இன்றையது பின்னால். ஆப்பிள் தட்டுகளைப் பிரித்து, கன்றியதை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தனித்தனியாகவும், ஒண்டிக்கட்டைகளுக்காக இரண்டிரண்டாகவும் வைத்தாள். சீப்பிலிருந்து உதிர்ந்த வாழைப்பழங்களை யாரும் வாங்குவதில்லை. அவற்றை ஒரு கூடையில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, ஓர் அட்டையில் எழுதி மாட்டினாள்: 'நான் தனியாள். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.' பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த அட்டையைச் சத்தமாகப் படித்துச் சிரித்து, ஆளுக்கொரு பழம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாமே சரியாக நடந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கீரையில் அவள் நன்றாகக் கோட்டை விட்டாள். எங்கோ பெரிய கடையில் பார்த்த மாதிரி, ஒவ்வொரு கட்டையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, பளபளவென்று வரிசையாக நிறுத்தி, தானே தள்ளி நின்று அழகு பார்த்தாள். மத்தியானத்துக்குள் தாளுக்குள் முத்து முத்தாக நீர் கோத்தது. சாயங்காலம் பிரித்தால் கொழகொழவென்று கறுத்து நாறியது. ஒரு கட்டுகூடத் தேறவில்லை.

ஓரகத்தி கல்லாவை விட்டு இறங்கி வந்து பார்த்தாள். "கீரைக்கு வேர்த்துடுச்சுடி. உன் வாயையும் மூக்கையும் கட்டி வெயில்ல நிறுத்தினா நீ எப்படி இருப்பே?"

"கேலி பண்ணாதீங்கக்கா. அழுகை வருது."

"அழுதுக்கோ. அழுதுட்டு நாளைக்கு ஊசி எடுத்துட்டு வா. தாளுக்கு ஓட்டை போடுவோம், அதுவும் மூச்சு விடட்டும்."

மறுநாள் இருவரும் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகளில் ஊசியால் துளை போட்டார்கள். பையில் அடங்காத கீரையை வேரோடு தண்ணீர்த் தட்டில் நிறுத்தினார்கள். அது அடுத்த நாளும் தலை சாயாமல் நின்றது. கடைசியாக, வீட்டு அலமாரிக் கதவிலிருந்த நீளக் கண்ணாடியைக் கழற்றி வந்து காய்கறித் தட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள் சின்னவள். ஒரு கத்திரிக்காய் இரண்டாகத் தெரிந்தது. பாவம் அவள் கணவன், அன்றிலிருந்து சில்வர் தட்டின் முதுகைப் பார்த்து முகச்சவரம் செய்துகொண்டு, கன்னத்தில் கீறலோடு வந்து நின்றான்.

அழுகல் குறைந்தது. இருவருக்கும் சாயங்காலம் அள்ள ஒரு வாளிக்கு மேல் இல்லை. அங்கேதான் வம்பு முளைத்தது. குப்பை வண்டிக்காரர் டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, டிரம்மு காத்து வாங்குது? வியாபாரம் படுத்துடுச்சா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அவர் தெருவெல்லாம் போகிறவர். மலையைக் காணோமே என்று வாசலில் நின்று பார்த்தவர்கள் வேறு இருந்தார்கள். இரண்டும் சேர்ந்துகொண்டது. பெரியவர் கடை நொடித்துப்போய்விட்டதாம், சரக்கு எடுக்க வழியில்லையாம், காலிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஒப்பேற்றுகிறார்களாம். பேச்சு வெளியூரில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் காதுக்கே போய்விட்டது.

வைத்தியம் முடியும்வரை மனிதர் இருப்பாரா? கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். கடையில் கூட்டம் இருந்த நேரம். நேராகத் தக்காளியிடம் வந்தார். சாக்கின் ஓரத்தைக் கைத்தடியால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது? உள்ள வெறும் பெட்டி! ஏமாத்து வேலையா பண்றே? எங்கப்பா பேரைக் கெடுக்கவா உன்னை இங்க நிறுத்தினேன்?"

"பெட்டி காலியா இருந்தா யாருக்கு மாமா நஷ்டம்? பெட்டி அழுகுமா?"

"வாயை மூடு! ஊரே சிரிக்குது. ஃபிரிட்ஜுக்காரனுக்கு இப்பவே போன் போடுறேன். அவன் வர்ற வரைக்கும் இது பழையபடியே இருக்கணும். டேய் தம்பி, பெட்டியெல்லாம் கொண்டு வா. மலையைக் கட்டு."

தம்பி மனைவியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், பெட்டியைத் தூக்கினான். சின்னவள் தடுக்கவில்லை. அவள் கண்ணெதிரே சாக்கும் பலகையும் பறந்தன, தக்காளி கவிழ்ந்தது, நெஞ்சு உயரத்துக்கு மலை எழுந்தது. சுற்றி நின்றவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பாள் என்று பெரியவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு அவமானம் காதுவரை சுட்டது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

"கட்டிட்டீங்களா மாமா? நல்லா இருக்கு. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. கடை உங்களோடது. மலை உங்களோடது. எவ்வளவு உயரம் வேணும்னாலும் கட்டுங்க. ஆனா அடியில அழுகுறதை இனிமே நான் அள்ள மாட்டேன்."

"நீ அள்ளாட்டி என்ன? உங்கக்கா அள்ளுவா."

கல்லாவில் சில்லறை எண்ணும் சத்தம் நின்றது. ஓரகத்தி கல்லாவின் இழுப்பறையைப் படாரென்று சாத்தினாள். அவள் புருஷனுக்கு எதிராகக் கடையில் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"அக்காவும் அள்ள மாட்டா" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் சண்டையே இல்லை. வீட்டில் பெரியவருக்கு வேளைக்கு வேளை சாப்பாடு வந்தது. முழங்காலுக்குத் தைலம் வந்தது. பெண்கள் இருவரும் பேசினார்கள், சிரித்தார்கள், கடைக்கு நேரத்தோடு வந்தார்கள். மலையடியில் மட்டும் கை வைக்கவில்லை. பெரியவர் மூட்டை இறக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார். "மூட்டை இறக்கச் சொல்லுங்க முதலாளி, எத்தனை வேணா இறக்குறேன். அழுகல் அள்ள நான் ஆள் இல்ல" என்று அவரும் நழுவிவிட்டார்.

மலை நின்றது. காலையில் உச்சியில் புதுப் பெட்டி கவிழ்ந்தது, அடியில் பழையது கசிந்தது. சிவப்புத் தண்ணீர் தரையில் கோடு போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தது. கொசு மாதிரி சின்னச் சின்ன ஈ. உள்ளே வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் பக்கம் ஒதுங்கினார்கள். கல்லாவில் ஓரகத்தி விசிறியால் ஈயை ஓட்டிக்கொண்டே, "வாங்க வாங்க, ஒண்ணும் நொடிச்சுப் போகலை, மலை பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் வரவேற்றாள். அவள் வாயில் இவ்வளவு குசும்பு இருந்தது இத்தனை காலம் யாருக்குத் தெரியும்! பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிரே நின்றவளும் சளைத்தவள் இல்லை.

ஃபிரிட்ஜ் வருகிற நாளும் வந்தது. லாரி கிளம்பிவிட்டது, இடத்தைக் காலி செய்து வையுங்கள் என்று போன் வந்தது. இடம் காலியாக வேண்டுமானால் மலை நகர வேண்டும். மலை நகர வேண்டுமானால் யாராவது அள்ள வேண்டும்.

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஓர் அடி முன்னால் வைத்தான், பிறகு நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"என்னால முடியாதுண்ணே."

பெரியவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்று முனகியபடி தரையில் உட்கார்ந்தார். சின்னவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. வயதான மனுஷன், வலிக்கிற கால், ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தலாமா என்று கை பரபரத்தது. அந்தக் கை இரண்டையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள்.

மேலே இருந்ததெல்லாம் நல்ல தக்காளி. அதை அவர் சுலபமாகப் பெட்டியில் எடுத்து வைத்தார். நடுவில் வெடித்தவை வந்தன. அதற்கும் கீழே கையை விட்டபோது, மணிக்கட்டுவரை புதைந்தது. சடாரென்று கையை வெளியே இழுத்தார். சிவப்பும் கறுப்புமாகக் கூழ் முழங்கைக்கு வழிந்தது. வாடை முகத்தில் அறைந்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து" என்றாள் அவர் மனைவி.

அவர் மறுபடியும் கையை விட்டு அள்ளினார். பாதியில் விட்டுவிட்டு எழுந்திருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழுந்திருக்கவில்லை, கடைசிக் கைப்பிடிவரை அள்ளினார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் செய்தால் ஒழுங்காகச் செய்கிறவர்தான். டிரம் விளிம்புவரை நிறைந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். அங்கிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"இங்க சோப்பு எங்கே இருக்கு?"

அப்பா காலத்திலிருந்து அவர் கடை. அந்தக் குழாயடியில் சோப்பு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. சின்னவளுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. "ஜன்னல் மேல, டப்பாவுல" என்று மட்டும் சொன்னாள். பிறகு நல்ல தக்காளிப் பெட்டிகளை உள்ளே நகர்த்திவிட்டு, வாளியும் துடைப்பமும் எடுத்து வந்து தரையைக் கழுவிவிட்டாள்.

கழுவி முடிக்கவும் லாரி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அளவு நாடாக்காரர் உள்ளே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்த பெரியவரைப் பார்த்து, "இறக்கிடலாமா சார்? அன்னைக்கு அளந்த இடம்தானே?" என்றார்.

பெரியவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"என்னைக் கேக்காதீங்க. அந்தம்மாவைக் கேளுங்க."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவளைக் கேளுங்கள் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஈரத் துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பி எடுத்துட்டுப் போங்க சார். சின்னதா ஒத்தைக் கதவு இருந்தா கொண்டாங்க, மூலையில எங்கயாவது வைக்கலாம். இந்த இடம் காலி இல்ல."

அவர் ஒன்றும் புரியாமல் தரையைப் பார்த்தார். கழுவிவிட்ட தரை, ஒரு பெட்டிகூட இல்லை, சுவர்வரை வெறிச்சென்று கிடந்தது.

"காலியாத்தானே மேடம் இருக்கு?"

சின்னவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நடு இடத்தில் போய் நின்றாள்.

"நான் நிக்கிறேனே, தெரியலையா?"